ஆனந்தவள்ளி வந்திருந்த வாரம்

உ
மேலகரம்,
ஐப்பசி 5 (22.10.2025)

மாப்பிள்ளை சிவசுப்பிரமணியனுக்குத் தங்கத்தாய் எழுதுறது.

நான் சுகம். உங்க சுகத்தை நான் கேக்கல. மாமியாக்காரி மருமகனுக்கு மரியாதை குறைச்சு எழுதக் கூடாதுங்கறதுக்காகத்தான் இந்தக் காயிதத்துல 'வாங்க போங்க' வரும். அது எங்க அம்மை என்னை வளத்த வளப்பு. உங்களுக்காக இல்ல.

உங்க காயிதம் வந்துது. சுஜிதா போன்ல உங்க போட்டோவையும் காமிச்சா. கழுத்துல நாடாவும் அட்டையும் தொங்குது. "எங்க அப்பா குடிநோய் ஆலோசகருக்குப் படிக்காவ ஆச்சி, திருச்சியில ஒரு வருசப் படிப்பு"ன்னு பேத்தி பெருமையடிக்கா. சிரிக்கவா அழவான்னு எனக்குத் தெரியல. நீங்க உருண்டு கிடந்த இடத்தைக் கேட்டா தென்காசியில எந்த ஆட்டோக்காரனும் கை காட்டுவான். இப்போ நீங்க நாற்காலியில உக்காந்து அடுத்தவனுக்குக் குடிக்காதேன்னு சொல்லிக் குடுக்கப் போறீய. கடையில பாட்டில் எடுத்துக் குடுக்கவன் உங்களைக் காணாம ஏங்கிப் போயிருப்பான். அவனுக்கும் ஒரு காயிதம் போடுங்க.

படிக்கவங்க வீட்டுல இருந்து ஒருத்தர் வரணுமாம். இவரு குடிச்சதுல நாங்க பட்ட பாடு இதுன்னு கூட்டத்துல உக்காந்து சொல்லணுமாம். அதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கீய. நான் வர மாட்டேன். நான் பட்டதைச் சொன்னா உங்களுக்கு மார்க்கு போடுவாவளோ? என் மக செத்தது உங்க பாடத்துக்கு இல்ல.

போன்ல பேசச் சொல்லிப் பிள்ளையை ஏவாதீய. பதினாறாம் நாள் விசேஷத்துலயே சொல்லிட்டேன், உங்க குரல் இந்தக் காதுல விழக் கூடாதுன்னு. எழுத்துக்குச் சத்தம் கிடையாது. அதனால எழுதுதேன். நாலாங்கிளாஸ்தான் படிச்சேன். ஆனா ஞாபகத்துல என்னை ஜெயிக்க ஆளு கிடையாது. கேட்டுக்கிடுங்க.

ஆறு வருசம் ஆச்சு. புரட்டாசி மூணாம் சனிக்கிழமை. நான் கடையத்துல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆனந்தவள்ளிக்கு அஞ்சாறு நாளாக் காய்ச்சல். கையெல்லாம் செம்புள்ளி. "இந்தா ஆட்டோ கூட்டியாரேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னு சொல்லிட்டு வாசல் இறங்குனீய. அவ ஒரு பையில துண்டும் பிளாஸ்க்கும் எடுத்து வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்தா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா. பக்கத்துல இந்தச் சின்னப் பிள்ளை சுஜிதா உக்காந்து விசிறியிருக்கு. மறுநாள் நான் வந்து பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டெங்கு, முத்திப் போச்சுன்னுட்டாவ. உங்களைக் கடைக்குப் பின்னால காலி அட்டைப்பெட்டிக்கு மேல இருந்து அள்ளிட்டு வந்தாவ. நீலக் கட்டம் போட்ட சட்டை. ரெண்டாம் பொத்தான் கிடையாது.

இந்த வருசத் திதிக்கு வந்து தெரு முக்குல நின்னீயளாம். இனிமே அங்கனயும் நிக்க வேண்டாம்.

தங்கத்தாய்


திருச்சி,
28.10.2025

அத்தைக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. அதுல ஒரு வார்த்தையைக்கூட இல்லைன்னு சொல்ல எனக்கு இடமில்லை. பொத்தான் எனக்கே மறந்துபோயிருந்தது.

நீங்க வரலைன்னா பரவாயில்லைன்னு எழுதத்தான் உக்காந்தேன். எழுத வரலை.

போன ஞாயித்துக்கிழமை அந்தக் கூட்டம் முடிஞ்சுது. என் வீட்டுல இருந்து யாரும் வராததால, எங்க ரெபேக்காள் மேடம் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "உங்க மாமியார் இதுல உக்காந்திருக்காங்க, பேசுங்க"ன்னாங்க. எனக்கு வாய் திறக்கலை. உடனே கூடப் படிக்கிற ஜோஷ்வா, நாகர்கோவில்காரன், துண்டை முந்தானை மாதிரிப் போட்டுக்கிட்டு அந்த நாற்காலியில வந்து உக்காந்தான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவன் என்னைப் பாத்து, "வாங்க மாப்பிளே, ஆட்டோ கிடைச்சுதா?"ன்னு கேட்டான். என் கதையை வகுப்புல முன்னாடியே சொல்லியிருக்கேன், அதை வச்சுத்தான் கேட்டான். அப்புறம் யாரும் சிரிக்கலை. நான் எழுந்து வெளிய போயிட்டேன். அதுவும் சேந்துதான் பாடம்னு மேடம் சொன்னாங்க.

இங்க புத்தி சொல்லிக் குடுக்கிறதில்லை அத்தை. நீங்க நினைக்கிற மாதிரி குடிக்காதேன்னு ஒருத்தன்கிட்டச் சொன்னா எங்களுக்குத் திட்டுதான் விழும். குடிக்கிறவன் பேசும்போது முகம் சுளிக்காம உக்காந்திருக்கணும். எப்போ முதல்ல குடிச்சே, காலையில எந்திரிச்சதும் வேணுமா, கை நடுங்குதா, இப்படிக் கேட்டு எழுதணும். எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கு. ஒவ்வொருத்தன் சொல்லும்போதும் நான் சொல்ற மாதிரியே இருக்கு. பாதி நாள் பேனா நின்னுபோகுது.

மச்சினன் தேவாவைப் பத்திச் சுஜிதா சொன்னா. அவளைத் திட்டாதீங்க, நான்தான் கேட்டேன். மாமா பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடியே குடிக்காருன்னு சொன்னா. குடிக்கலைன்னா டீ கிளாஸைப் பிடிக்க முடியலையாம். அது உண்மையா? அது மட்டும் எனக்குத் தெரியணும். வேற எதுவும் கேக்க எனக்கு உரிமையில்லை.

சிவசுப்பிரமணியன்


உ
மேலகரம்,
ஐப்பசி 20 (6.11.2025)

மாப்பிள்ளைக்கு,

எனக்கு வேஷம் கட்டுறதுக்கு ஒரு நாகர்கோவில்காரனா? அவன்கிட்டச் சொல்லுங்க, நான் துண்டு போடுறதில்ல.

வீட்டு விஷயத்தை வெளிய சொன்னதுக்குச் சுஜிதாவுக்கு நல்லாக் குடுத்தேன். பத்தாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சைதான் கவலையா இருக்கணும். மாமன் எத்தனை மணிக்குக் குடிக்கான்னு பாத்துக்கிட்டு இருக்கு.

கேட்டதுக்குச் சொல்லுதேன். ஆமா, உண்மைதான். என் கடைசிப் பிள்ளை குடிக்கான். அவன் அக்கா செத்த வருசத்துல இருந்து தினமும். குற்றாலத்துப் பழக்கடையை யாரு பாக்கா? சீசன்ல மங்குஸ்தான் கூடையோட அழுகிப்போச்சு. காலையில கை நடுங்கும், ஒரு மொடக்கு உள்ள போனா நிக்கும். அவன் கையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு உங்க மூஞ்சிதான் தெரியுது. அவனுக்குக் குடியைக் காட்டிக் குடுத்தது யாரு? கல்யாணமான புதுசுல, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போன இடத்துல, "மச்சினன் கொஞ்சம் ருசி பாக்கட்டும்"னு தென்னந்தோப்புல வச்சு ஊத்திக் குடுத்தீய. அவனுக்குப் பதினெட்டு முடியல. நான் மறந்துட்டேன்னு நினைச்சீயளோ?

ஆனா இனிமே உங்க உபகாரம் எதுவும் வேண்டாம். கார்த்திகை ஒண்ணாந் தேதி தேவா ஐயப்பனுக்கு மாலை போடுதான். நல்லகண்ணு குருசாமிகிட்டப் பேசியாச்சு. கறுப்பு வேட்டி ரெண்டு எடுத்தாச்சு. துளசி மாலை பூசைக்கூடத்துல இருக்கு. முந்தின நாள் ராத்திரியோட நிப்பாட்டிருதேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கான். எங்க தெருவுல எத்தனை குடிகாரன் மாலை போட்டு மனுசனாயிருக்கான் தெரியுமா? மலையில இருந்து இறங்கினதும் திரும்பக் கடைக்குப் போனவனும் உண்டு, இல்லைங்கல. என் பிள்ளை போக மாட்டான்.

உங்க கழுத்துக்கு அந்த மாலை ஏறியிருந்தா என் மக இன்னைக்கு உக்காந்து எனக்குத் தலை சீவி விட்டுக்கிட்டு இருப்பா. இப்போ அட்டை ஏறியிருக்கு. நல்லாருங்க.

தங்கத்தாய்


திருச்சி,
10.11.2025

அத்தைக்கு,

தென்னந்தோப்பு உண்மைதான். அதை நான் மறக்கலை. அதனாலதான் இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன். தயவுசெஞ்சு கிழிச்சுப் போடாம முழுசாப் படிங்க. எழுதினது நான்ங்கிறதை மறந்துட்டுப் படிங்க.

மாலை போட வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா தேவாவை வீட்டுல வச்சு ஒரேயடியா நிறுத்தாதீங்க. காலையில எந்திரிச்சதும் குடிக்கிறவன், குடிக்காட்டிக் கை நடுங்குறவன், திடீர்னு நிறுத்தினா உயிர் போகலாம். இது எனக்கும் இங்க வந்து படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. ரொம்ப வருஷமா தினமும் உள்ள போனதை உடம்பு நம்பிக்கிட்டு இருக்கு. சட்டுனு நிறுத்தினா அது தறிகெட்டு ஓடுது. முதல் நாள் வேர்வை, நடுக்கம், தூக்கம் வராது. அடுத்து வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள்ல, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுல கேக்கும். அப்போ காய்ச்சலும் சேந்துதுன்னா ரொம்ப ஆபத்து.

இப்போ எனக்கு வார்டுலதான் பயிற்சி. நோயாளிங்க பக்கத்துல உக்காந்து நாடி பாத்து எழுதணும். கடையநல்லூர்ல தறி நெய்யுற ஒருத்தர் வந்தாரு. வீட்டுல தானா நிறுத்திப் பாத்துட்டு, மூணாம் நாள் தூக்கிட்டு வந்தாங்க. படுக்கையில இருந்தபடியே காத்துல இழை எடுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தாரு. "இந்தா, அறுந்துட்டு, பிடி"ன்னு என் கையில குடுத்தாரு. நானும் வாங்கிப் பிடிச்சுக்கிட்டேன். டாக்டர் மருந்து குடுத்து, அஞ்சாறு நாள்ல சரியாப் போச்சு. கொண்டு வராம இருந்தா செத்திருப்பாருன்னு சொன்னாங்க.

தென்காசி அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. தேவாவைக் கூட்டிட்டுப் போய், இவன் தினமும் குடிக்கான், நிறுத்தணும்னு மட்டும் சொல்லுங்க. அவங்க சேத்துக்குவாங்க. ஒரு வாரம் மாத்திரையோட நிறுத்தினப்புறம் மாலை போடட்டும். கார்த்திகை முழுசும் கிடக்கு. அதுவரைக்கும் அவன் குடிச்சாலும் தடுக்காதீங்க.

சொந்த வீட்டுக்கு ஆலோசகரா இருக்கக் கூடாதுங்கறது இங்க சட்டம். மேடம்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "ஆலோசனை சொல்லாதீங்க. தெரிஞ்ச ஆபத்தைச் சொல்லாம இருக்கவும் செய்யாதீங்க"ன்னாங்க. அதான் சொல்லிட்டேன்.

சிவசுப்பிரமணியன்


உ
மேலகரம்,
கார்த்திகை 1 (17.11.2025)

மாப்பிள்ளைக்கு,

முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். "அதுவரைக்கும் அவன் குடிச்சாலும் தடுக்காதீங்க." உங்க கையாலயே எழுதியிருக்கீய. பத்திரமா வச்சிருக்கேன்.

குடிச்சாச் சாவான்னு ஊரெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கேன். நிறுத்தினாச் சாவான்னு உங்க பள்ளிக்கூடத்துலதான் சொல்லுதாவ போல. ஒரு போதையை விடுறதுக்கு இன்னொரு போதை மாத்திரையா? குடிகாரனுக்குக் குடியை விட்டா மனசு ஆறாது, அதை இங்கிலீஸ்காரன் மாதிரிப் படிச்சு வேற எழுதுதீய.

பைத்தியக்கார வார்டுல என் பிள்ளையைப் படுக்க வச்சா நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அதை யோசிச்சீயளா?

இன்னைக்கு வெள்ளென சிற்றருவியில குளிச்சிட்டு, குற்றாலநாதர் சன்னதியில வச்சு மாலை போட்டாச்சு. அம்மா தாயின்னு காலைத் தொட்டுக் கும்பிட்டான். நேத்து ராத்திரியோட நிறுத்திட்டான். கொஞ்சம் நடுக்கம் இருக்கு, கார்த்திகைக் குளிர்ல யாருக்கும் இருக்கும். உப்புமா கிண்டிக் குடுத்தேன், வாந்தி எடுத்துட்டான். உள்ள இருக்கிற விஷம் வெளிய போகுதுன்னு குருசாமி சொல்லுதாரு.

சாமி சரணம்.

தங்கத்தாய்


உ
மேலகரம்,
கார்த்திகை 3 (19.11.2025)

மாப்பிள்ளை,

ஆனந்தவள்ளி வந்திருக்கா.

உங்களுக்கு எழுதணும்னு எனக்கு என்ன வந்துது? ஆனாலும் எழுதுதேன். வேற யாருகிட்டச் சொன்னாலும் அவங்களுக்கு அவ ஒரு செத்துப்போன பொண்ணு, அவ்வளவுதான்.

காலையில தேவா பின்வாசலைப் பாத்துக்கிட்டே நின்னான். "ஏலே, அங்கன என்னலே பாக்க?"ன்னேன். "அக்கா நிக்காம்மா. துவைக்கிற கல்லுப் பக்கத்துல. உனக்குத் தெரியலையா?"ன்னான். நானும் பாத்தேன். கல்லுதான் தெரிஞ்சுது. ஆனா அவன் பொய் சொல்லல. பொய் சொல்லும்போது அவன் மூக்கைத் தடவுவான், எனக்குத் தெரியும். அவன் கண்ணு ஆளு நிக்கிற உயரத்துல நின்னுது.

நான் கேக்கக் கேக்க, அவன் அங்கன திரும்பிக் கேட்டு எனக்குச் சொன்னான்.

"ஏட்டி, காய்ச்சல் விட்டுட்டா?"ன்னு கேட்டேன். விட்டுட்டாம்.

"பசிக்குதாட்டி?"ன்னேன். இப்போ பசிக்கிறதே இல்லையாம்.

அப்புறம் கேட்டேன். "நீ காய்ச்சலாக் கிடக்கும்போது அம்மை கடையத்துல போய் உக்காந்துட்டேன், அதுல உனக்குக் கோவமாட்டி?" அவன் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தான். "கோவம் இல்லையாம்மா. தலையை ஆட்டுதா"ன்னான்.

அதை எழுத எழுத அழுகை வருது. எழுத்து அழிஞ்சிருந்தா அதுக்குத்தான்.

உன்னைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல. சொல்லிட்டேன்.

மத்தியானம் உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையல் அரைச்சுப் பின்வாசல்ல இலை போட்டேன். குருசாமி வந்து பாத்தாரு. விரதம் சுத்தமா இருக்கிற இடத்துக்கு இப்படி வரும்னு சொன்னாரு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்து, செத்துப்போன எங்க வீட்டுக்காரரையும் கேளேன்னு நிக்காவ. அவன் யாரையும் மதிக்கல. அக்காவைத்தான் பாக்கான்.

சுஜிதாதான் கத்துதா. "மாமா உடம்பு நெருப்பாச் சுடுது ஆச்சி. அப்பா எழுதினது இதுதான். நூல் எடுத்த ஆளு மாதிரியே இருக்கு"ன்னு அழுதா. பெத்த அம்மை வந்து நிக்கா, பாக்கக் குடுத்து வைக்கலைன்னாலும் சும்மா இருக்கலாம்ல? ஒரு அறை விட்டேன். சுடத்தான் செய்யுது. வேர்வையில வேட்டி நனைஞ்சுபோகுது. தூங்கி மூணு நாளாச்சு. மேலெல்லாம் எறும்பு ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருக்கான். எறும்பு கிடையாது.

புத்தி கலங்கினவங்களை ஐந்தருவியில தலையைக் காட்டச் சொல்லுவாவ, சூடு தணியும். நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்தத் தண்ணி பட்டா அவளும் போயிருவாளோன்னு இருக்கு. அதனால நாளைக்கு வேண்டாம். ஒரு ரெண்டு நாள் கிடக்கட்டும். ஆறு வருசம் கழிச்சு வந்திருக்கா. கேக்க எனக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு.

தங்கத்தாய்


திருச்சி,
29.11.2025

அத்தைக்கு,

நேத்துத்தான் இங்க திரும்பி வந்தேன். உங்க கார்த்திகை மூணாம் தேதிக் கடிதம் தபால்ல வந்து என் மேசையில கிடந்தது. அதைத் தபால்ல சேக்கிறதுக்கு முன்னாடியே சுஜிதா போட்டோ எடுத்து எங்க அலுவலக போனுக்கு அனுப்பியிருந்தா. அதனாலதான் மறுநாள் காலையில நான் உங்க வாசல்ல நின்னேன். அவ மேல கோவப்படாதீங்க. அவ அனுப்பலைன்னா தேவா இல்லை. இதை நான் சொல்லலை, அங்க டாக்டர் சொன்னாரு.

நடையில கையை ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நின்னீங்க. "அவளைக் கூட்டிட்டுப் போகவா வந்தே?"ன்னு கேட்டீங்க. ஆறு வருஷத்துல என் முகத்தைப் பாத்து நீங்க பேசின முதல் வார்த்தை அது. நான் உங்க கையை விலக்கிட்டு உள்ள போனேன். உங்களைத் தொட்டதுக்கும், சொல்லுக்கு மீறி வாசப்படி ஏறினதுக்கும் மன்னிச்சுக்கோங்க.

108 வண்டியில ஏத்தும்போதுதான் தேவாவுக்கு வலிப்பு வந்துது. நீங்க பாத்தீங்க. தெருவே பாத்துது. அது சாமி இல்லைன்னு அப்போ குருசாமிக்கும் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறேன். அவருதான் முதல்ல வந்து காலைப் பிடிச்சாரு. நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்லாதீங்க.

இங்க வார்டுல படிச்சது எதுவும் எனக்கு அங்க உதவலை. நாடி பாக்கணும்னு கையைப் பிடிச்சேன், எண்ண வரலை.

கேக்காம வெளிய போனதுனால என் வார்டுப் பயிற்சியை முதல்ல இருந்து செய்யச் சொல்லிட்டாங்க. அது நியாயம்தான். என்னை வெளிய அனுப்பலை.

இதுக்கு மேல எழுத வேண்டாம்னுதான் நேத்துப் பூரா நினைச்சேன். ஆனா ஆஸ்பத்திரியில நாலாம் நாள் ஒண்ணு கேட்டேன். தேவா தூங்கிக்கிட்டு இருந்தான். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்னேன், நீங்க பாக்கலை. நர்ஸம்மாகிட்ட மெதுவா, "இந்த ஊசியை ஒரு வேளை போடாம இருந்தா அவ திரும்ப வருவாளா?"ன்னு கேட்டீங்க. அந்தப் பொண்ணுக்குப் புரியலை. யாரு பாட்டின்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்ல தாயின்னு சொல்லிட்டீங்க.

எனக்குப் புரிஞ்சுது.

ஆனந்தவள்ளி போனப்புறம் என்னை மதுரையில குடியை நிறுத்துற ஒரு இடத்துல சேத்தாங்க இல்லையா. அங்க சேக்கிறதுக்கு முன்னாடி, கையில காசில்லாம நானாக் குடிக்காம கிடந்தேன். மூணாம் நாள் அவ என்கிட்டயும் வந்தா. கட்டில் கால்மாட்டுல நின்னா. ஒரு பகல் முழுக்க இருந்தா. பேசினா. அது நோய்னு இப்போ எனக்குத் தெரியும். அந்த நோய்க்கு என்ன பேரு, மூளையில எது எப்படி ஆகுது, எல்லாம் பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். அன்னைக்கு ஊசி போட வந்த கம்பவுண்டர் கையைக் கடிச்சிட்டேன், அவளை அனுப்பிராதீங்கன்னு. போட்டாங்க. போயிட்டா.

அதனால தேவாவை வண்டியில ஏத்தும்போது உங்ககிட்ட இருந்து எதை எடுத்துட்டுப் போறேன்னு எனக்குத் தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போனேன். அதைச் சொல்லணும்னு தோணுச்சு.

அவ என்கிட்ட என்ன சொன்னாங்கிறதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லை. வகுப்புலயும் சொல்லலை.

சிவசுப்பிரமணியன்


உ
மேலகரம்,
கார்த்திகை 21 (7.12.2025)

மாப்பிள்ளைக்கு,

தேவா நல்லாருக்கான். ரெண்டு இட்லி கூடத் திங்கான். கை நடுக்கம் இல்லை, நேத்து அவனே சவரம் பண்ணிக்கிட்டான். செவ்வாய்க்கிழமைதோறும் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்குதான். அங்கன ஒரு ஆலோசகர் பொண்ணு அவன்கிட்ட உக்காந்து பேசுதாம். புத்தி எதுவும் சொல்லலையாம், கேட்டுக்கிட்டே இருக்காம். "அது என்னம்மா வேலை, நான் பேசுறதைக் கேக்கிறதுக்குச் சம்பளமா?"ன்னு சிரிக்கான். எவ்வளவு நாள் நிக்கும்னு தெரியாது. நீங்களும் தெரியும்னு எழுதாதீய.

மாலையைக் கழத்தல. மலைக்கு மட்டும் இந்த வருசம் வேண்டாம்னுட்டாவ.

ஊரே உங்களைப் புகழுது. எங்க தெருவுல உங்களுக்குக் காறித் துப்பினவளெல்லாம், "உன் மருமகன் வரலைன்னா உன் பிள்ளை போயிருப்பான் தங்கத்தாயி"ங்கா. நான் இல்லைங்கல. நீங்க எழுதின அந்தக் காயிதத்தை மறுபடியும் எடுத்துப் படிச்சேன். நாளு தப்பாம எல்லாம் அப்படியே நடந்திருக்கு. அன்னைக்கு நான் கேட்டிருந்தா என் பிள்ளை தெருவுல நுரை தள்ளிக் கிடந்திருக்க மாட்டான். அதை எழுதிட்டேன். இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

ஆனா இதையும் எழுதுதேன். என் மகனை எனக்குக் குடுத்தீய. என் மகளை ரெண்டாம் தடவையும் கொண்டு போயிட்டீய.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே தேவாகிட்டக் கேட்டேன். "ஏலே, அக்கா அன்னைக்குத் தலையை ஆட்டினாளே, அப்போ மூஞ்சி எப்படிலே இருந்துது? சிரிச்ச மாதிரியா, சும்மாவா?" "எந்த அக்கா?"ன்னான். "எப்போ?"ன்னான். அவனுக்கு மாலை போட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஊசி குத்தினது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணும் கிடையாது. துடைச்சு வச்ச மாதிரி. நான் விடாமக் கேட்டேன். அவன் அழுதுட்டான். சுஜிதா வந்து, "போதும் ஆச்சி"ன்னு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அந்தப் பிள்ளைக்கு நான் விட்ட அறைக்கு அது என்கிட்டப் பேசாம இருந்திருக்கலாம். தலைக்கு எண்ணெய் வச்சு விட்டுது.

கோவம் இல்லைன்னு அவ சொன்னதா, காய்ச்சல்ல அவன் உளறினதா? உங்க படிப்புல இதுக்குப் பதில் இருக்கும். அந்தப் பதிலை எனக்கு எழுதாதீய.

உங்ககிட்டயும் வந்தான்னு எழுதியிருக்கீய. முதல்ல படிச்சப்போ வயிறு எரிஞ்சுது. ஆட்டோ கூட்டியாரேன்னு போனவன்கிட்டப் போய் ஒரு பகல் முழுக்க நின்னிருக்கா. பெத்தவகிட்ட வர ஆறு வருசம். அந்தக் காயிதத்தை அரிசிப் பானைக்கு அடியில போட்டு வச்சேன். மூணு தடவை எடுத்துட்டேன்.

தேவாவுக்கு ஞாபகம் இல்ல. நான் பாக்கவே இல்ல. இந்த உலகத்துல அவ பேசினது ஞாபகம் உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான். அது நீங்களாப் போச்சே, அதுக்கு நான் என்ன செய்ய?

நோயாவே இருந்துட்டுப் போகட்டும். இல்லாததாவே இருக்கட்டும். அவ என்ன சொன்னான்னு எழுதுங்க. என்னைத் திட்டியிருந்தாலும் எழுதுங்க. உங்களைத் திட்டியிருந்தா அதையும் விடாம எழுதுங்க. நான் கிழவி, மனசு நோகும்னு ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது. மாத்தினா எனக்குத் தெரியும். அவ எப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியும்.

போன்ல வேண்டாம். நேர்லயும் வர வேண்டாம். எழுதுங்க.

தங்கத்தாய்